நீலப் பேசின்

நான் இரட்சிக்கப்பட்ட வருடம்
ஆட்டுப்பட்டித்தெருத் தொடர்மாடியின் நாலாம் தட்டிலிருந்து
டீவியைப் பழஞ்சீலையால் சுற்றி
இருட்டில் இறக்கினேன்.
அடுத்த வீட்டுச் சிவகடாட்சத்தார்
தைப்பொங்கலுக்குக் கொடுத்துவிட்ட பொங்கலை
மூடி திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.
அவர் மனைவி வாங்கிக்கொண்டு
"வயிறு சரியில்லையோ தம்பி?" என்றா.
"பரிசுத்தம்" என்றேன்.
அவவுக்கு விளங்கவில்லை.
எனக்கும்தான் விளங்கவில்லை என்பது
விளங்கப் பதினேழு வருடம் எடுத்தது.

தொழில் துறைமுகத்தில், வார்ஃப் கிளார்க்.
கொள்கலனின் சீல் இலக்கத்தைத் தாளோடு ஒத்துப் பார்த்து
'சரி' போடுகிறவன்.
என்னையும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்:
ஏற்றின இடத்தில் பூட்டி
சேருமிடத்தில் மட்டும் திறக்கப்படும் பெட்டி,
வழியில் ஒரு கையும் படாமல்.

ஒரு சித்திரை வெயிலில்
சுங்கத் தகராறில் எழுபது நாள் கிடந்த பெட்டியைத் திறந்தோம்.
சீல் பழுதில்லை. இலக்கம் சரி.
உள்ளேயிருந்து பெரிய வெங்காயம்
கறுத்த தண்ணீராய் வழிந்து
என் சப்பாத்தை நனைத்தது.
நாட்டாமை ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
யாரும் தொடவில்லைத்தான்.
ஆனாலும்.

சிவகடாட்சத்தாருக்குப் பாரிசவாதம் வந்த இரவு
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
அது என்றைக்குச் செய்தது?
கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம்,
நானும் கீழ்வீட்டு மிஃப்லாலும்.
இரண்டாம் தட்டில் அவர் என் தோளில் வாந்தி எடுத்தார்.
வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
"காலைப் பார்த்து வை, காலைப் பார்த்து வை."
அதுதான் அன்றிரவு நாங்கள் செய்த ஜெபம்.

திரும்பி வந்தவருக்கு
இடப்பக்கம் இல்லை, பேச்சும் இல்லை.
மகள் துபாயில்.
பின்னேரங்களில் அவரைப் புரட்டித் துடைக்க
இன்னொரு சோடிக் கை வேண்டும்.
அக்கா சுவரில் இரண்டு தரம் தட்டுவா.
போவேன்.
முதல் மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
இரண்டாம் மாதம்
அன்பைப் பற்றிச் சபையில் சாட்சி சொன்னேன்.
கைதட்டினார்கள்.
அன்று பின்னேரமே
மாற்றின விரிப்பை அவர் மறுபடி நனைத்தபோது
அவருடைய நல்ல கையை
தேவைக்கு மேலே இறுக்கிப் பிடித்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
யாரிடமும் சொல்ல முடியாதவர்.
அதற்குப் பிறகு நான் சாட்சி சொல்லவில்லை.

பல்கனியில் ஒரு நீலப் பேசின்.
ஒருநாள் அவசரத்தில்
அரிசி களையவென்று அதை எடுத்துவிட்டேன்.
"ஐயோ தம்பி, அது வேண்டாம்.
அது அவருக்கெண்டு புறம்பா வைச்சது."

புறம்பாக வைத்தது.

பரிசுத்தம் என்றால் அதுதான் என்று
பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.
கேட்கும்போதெல்லாம் கண்ணுக்குள் பொன் கிண்ணம், வெள்ளிக் கிண்ணம்.
விளிம்பு வெடித்து
அடியில் சவர்க்காரம் படிந்து
இன்னொருவரின் அழுக்குக்கென்றே
ஒதுக்கப்பட்ட ஒன்றை
நான் நினைத்துப் பார்த்ததில்லை.
கழுவிக் கவிழ்த்தேன்.
துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்து
அதைக் கொஞ்சத் தூரம் உருட்டியது.
எழும்பிப் போய்
மறுபடி கவிழ்த்தேன்.

இந்தத் தைக்கு அக்கா பொங்கவில்லை, நேரமில்லை.
பொங்கிக் கொடுத்துவிட்டிருந்தால்
என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.
தெரியாததைத் தெரியாது என்று சொல்ல
இப்போது கொஞ்சம் முடிகிறது.

இரவு ஜெபத்தில்
மனைவி சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.
சுவரில் இரண்டு தட்டு.
அவள் வாசிப்பை நிறுத்தவில்லை.
கண்ணால் கதவைக் காட்டுகிறாள்.