இணைப்பு: ஒன்று

திங்கட்கிழமைகளில் என் வேலை
முகர்ந்து பார்ப்பது.

கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலக வாசலில்
குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களின்
கட்டைப்பை, சாப்பாட்டுத் தூக்கு, பிள்ளையின் பால்புட்டி
எல்லாவற்றின் மூடியையும் திறந்து
மண்ணெண்ணெய் இல்லையென்று
என் மூக்கு சான்று தர வேண்டும்.
பிறகு பதிவேடு. பெயர், ஊர், நேரம்,
கொண்டுவந்த பொருள்.
கடைசிக் கட்டத்தில் எப்போதும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதுவேன்.

சித்திரையில் ஒருவர் தலையில் ஊற்றிக்கொண்டபோது
பணியில் இருந்த மாதேஸ்வரியை
அஞ்செட்டிக்கு மாற்றினார்கள்.
அவர் ஏன் ஊற்றிக்கொண்டார் என்பது
வேறு பிரிவு பார்க்கும் கோப்பு.

மூடி திறந்ததும் ஊர் தெரிந்துவிடும் எனக்கு.
ஓசூர்ப் பக்கமென்றால் கேன் தண்ணீரின் பிளாஸ்டிக் நெடி.
ஊத்தங்கரைக்காரர்கள் சீரகம் போட்டுக் காய்ச்சியிருப்பார்கள்.
வேப்பனப்பள்ளியிலிருந்து பட்டா மாறுதலுக்கு
பதினோராவது முறையாக வருகிறவர்
நான் கேட்கும் முன்பே நீட்டுவார்,
“வெறும் மோருதான் மேடம்.”
அவர் வீட்டில் பெருங்காயம் தீர்ந்துபோன வாரம்கூட
எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஓபுலம்மா வந்தாள்.
பர்கூர் தாண்டி தாசன் கொட்டாயிலிருந்து
இரண்டு பஸ் மாறி.
ஒரு லிட்டர் பாட்டில். உள்ளே வெள்ளை.
பாலா, என்றேன்.
கிணறு, என்றாள்.

பக்கத்தில் கல் அறுக்கிறார்களாம்.
“அரிசி களைஞ்சா
களைஞ்ச தண்ணி எது, களையாத தண்ணி எதுன்னு
தெரியல மேடம்.”

முகர்ந்தேன்.
மண்ணெண்ணெய் இல்லை. பெட்ரோல் இல்லை.
பாசியின் வாடைகூட இல்லை.
ஆனாலும் உத்தரவு உத்தரவுதான்:
எந்தத் திரவமும் உள்ளே போகக் கூடாது.
மோருக்குக் கண்ணை மூடிக்கொள்கிறவள்தான் நான்,
அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றிருந்தார்.

அசோக மரத்தடியில் ஊற்றச் சொன்னேன்.
அவள் ஊற்றவில்லை.
நான்தான் ஊற்றினேன்.
மண் தண்ணீரைக் குடித்துவிட்டு
வெள்ளையை மட்டும் மேலே வைத்துக்கொண்டது.

காலி பாட்டிலோடு வரிசையில் போய் நின்றாள்.
மனு அவள் மகளின் கையெழுத்து,
பத்தாம் வகுப்புக் குண்டு எழுத்து.
கடைசியில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு:
இணைப்பு: ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

கார்த்திகையில் மறுபடி வந்தாள்.
கையில் பதில் கடிதம்.
படிக்கத் தெரிந்த மகள் வீட்டில் இருக்கிறாள்,
இருந்தும் என்னைத்தான் படிக்கச் சொன்னாள்.

‘மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள இணைப்பு
இவ்வலுவலகத்தில் வரப்பெறவில்லை.
எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.’

சத்தமாகத்தான் படித்தேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள் என்று
எழுதலாம். பார்க்கவில்லை.
கடிதத்தை வாங்கி நான்காக மடித்து
செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டாள்.

பயிற்சிப் பள்ளியில்
சாட்சியத்தை மறையச் செய்தல் என்ற குற்றத்தை
பிரிவு எண்ணோடு ஒப்பித்து
கைதட்டல் வாங்கியவள் நான்.
இப்போது எண்களை மாற்றிவிட்டார்கள்.
புது எண் இன்னும் மனப்பாடமாகவில்லை.

இரண்டு மழைக்குப் பிறகும்
மரத்தடியில் அந்த வெள்ளை இருந்தது,
யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல.

ஓபுலம்மா பையிலிருந்து
இன்னொரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
மூடியைத் திறந்தேன். முகர்ந்தேன்.
திருகி மூடினேன்.
பதிவேட்டில் பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன்,
பத்து நாற்பது என்று நேரம் எழுதினேன்.
கொண்டுவந்த பொருள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

கிணறு, ஒன்று.

வரிசை நகர்ந்தது.
அடுத்தவர் மோரை நீட்டினார்.