அடைபட்ட சொட்டு

தளி ரோட்டில், ஜெர்பராவுக்கும் ரோஜாவுக்கும் நடுவே
மூன்றாம் நிழல்குடிலில்
ஐம்பது கன்றுகளை இறக்கினார்கள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை அட்டை.
வாய்க்குள் நுழையாத பெயருக்குக் கீழே
'நாட்டுச் செடி' என்று
பிரதாபன் சார் தமிழில் எழுதினார்.

எந்த நாட்டுக்கு சார்?
கெம்பம்மா கேட்டாள்.
அஞ்செட்டிக்காரி,
கேள்வியை மடித்துக் கேட்கத் தெரியாது.
அந்த நாட்டுக்கு, என்று
அவர் தெற்கே கை காட்டினார்.
தெற்கே ஜவளகிரிக் காடு இருந்தது.
யானை இருந்தது.
கடல் இருப்பதாகத் தெரியவில்லை.

இலை ஊசிபோல, அரிசியைவிடச் சின்னது.
யாரும் பார்க்காத நேரம் ஒன்றைக் கிள்ளி
நகத்தில் நசுக்கினேன்.
தைலமர வாசம்.
அதற்குள்ளே கொய்யாத் தளிர்,
அதற்கும் அடியில்
பல்வலிக்குக் கடிக்கும் கிராம்பு.
நாவல்கூட இந்த வகையறாதான் என்றார் சார்.
முகஜாடை எதுவும் ஒத்துப்போகாத பங்காளிகள்
ஒரே இழவுக்கு வந்து நிற்பதுபோல
என் நகத்தில் நின்றார்கள்.

அட்டவணைப்படி ஊட்டினோம்.
திங்கள்தோறும் ஆல் நைன்டீன்,
வியாழன் பாஸ்பேட் கலந்த தண்ணீர்.
முதல் வாரம் நுனி கருகியது.
இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்றார் சார்.
இரண்டாம் வாரம் பழுப்பு.
இன்னும் கொஞ்சம்.
ஆடிக்காற்று பாலித்தீனை அறைந்த ராத்திரி கழிந்து
எண்ணினால் பதினொன்று செத்திருந்தது,
பிறகு முப்பது,
பிறகு எண்ணவில்லை.
குப்பைக்குழியில் கொட்டியபோது
காய்ந்தும் மணத்தது குவியல்.

ஏழாம் வரிசைக் கோடியில் இரண்டு மட்டும்
பச்சையாய் நின்றன.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
அந்த மூலையில் சொட்டுவாய் அடைத்திருந்தது.
உப்புப் பூத்து, வெள்ளையாக.
ஊசி விட்டு எடுப்பது என் வேலை.
அன்று சீட்டுக்காரனோடு போனில் கத்திக்கொண்டிருந்தேன்.
மறுநாள் மறந்துவிட்டேன்.
அதற்கு மறுநாள் மறக்கவில்லை,
குனிய அலுப்பு.
நினைவு வந்தால் டிபன் பாக்ஸ் கழுவிய தண்ணீரை
அந்தப் பக்கம் வீசுவேன்.
பதிவேட்டில் மட்டும்
'சொட்டுவாய் சரிபார்த்தேன், லோ. நாகவேணி',
தேதி தவறாமல்.

பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்தார்,
கழுத்தில் பூதக்கண்ணாடி.
செத்த வேரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து
மெதுவாகச் சொன்னார்:
மணலிலும் சரளையிலும் பிறந்த வம்சம் இது.
எதுவும் கிடைக்காத மண்.
கிடைத்ததை விடக்கூடாது என்று மட்டும்
வேருக்குத் தெரியும்.
போதும் என்று சொல்லத் தெரியாது.
தின்றே செத்திருக்கின்றன.

அப்படியானால் இந்த இரண்டு?

பிரதாபன் சார் பதிவேட்டைப் புரட்டினார்.
எல்லா வரிசைக்கும் ஒரே அளவு.
என் கையெழுத்தை விரலால் தடவி
நல்ல பொண்ணு மேடம், என்றார்,
ஒரு நாள் விட்டதில்லை.
கெம்பம்மா என்னைப் பார்த்தாள்.
நான் தரையில் ஊரும் எறும்பைப் பார்த்தேன்.

மாசியில் பூத்தது.
மஞ்சள்.
இதழின் ஓரமெல்லாம்
பட்டு முந்தானையைப் பிரித்துவிட்டதுபோல் நூல்நூலாக.
ஒரு காம்பு துபாயில் என்ன விலை போகும் என்று
சார் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.
இவ்வளவுதானா, என்றாள் கெம்பம்மா.
வேலிக்கு அந்தப் பக்கம் ஆவாரை
இதைவிட மஞ்சளாய் நின்றது,
கழுத்தில் அட்டையில்லாமல்,
ஆடுகூடத் திரும்பிப் பாராமல்.

அந்த இரண்டிலிருந்து இனி நூறு கன்று எடுக்கப்போகிறார்கள்.
ஏழாம் வரிசைக்கு எதிரே
'சிறப்புக் கவனிப்பு' என்று எழுதி
என் சம்பளத்தில் முந்நூறு ஏற்றியிருக்கிறார்கள்.

காலையில் முதல் வேலையாக
ஊசியோடு அங்கேதான் போகிறேன்.
முட்டி போட்டு, கண்ணை இடுக்கி,
அடைப்பு தானாக விலகிவிடவில்லையே என்று
பார்த்துவிட்டு வருகிறேன்.