உள்வாடகை

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
மூன்றாம் மாடி, பின்பக்க அறை.
முற்பணம் ஆறு மாதம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
இருபத்திரண்டு வருசமாய் இந்தக் கொழும்பில்
நான் எங்கேயும் வீட்டுக்காரன் இல்லை

என்றுதான் நினைத்திருந்தேன்,
டொக்டர் தவரஞ்சினி என் வயிற்றைத் தட்டிப் பார்த்து
"உள்ளுக்குக் கோடிக்கணக்கில குடியிருக்கினம்,
நீங்கள் அவைக்கு ஒண்டும் போடுறேல்லையே"
என்று கேட்கும் வரை.

காலையில் பாண். மத்தியானம் தீட்டிய அரிசி.
இரவில் கொத்து, தகரத் தாளம் அடங்கும் முன்னே.
எல்லாவற்றையும் மேலேயே, சிறுகுடலிலேயே,
கடைசிச் சதம் வரை எண்ணி எடுத்துவிடுகிறேன்.
கீழே பெருங்குடலில்
பசித்தவர்கள் சுவரைச் சுரண்டித் தின்கிறார்களாம்.

"உங்களுக்குச் செரிக்காததைச் சாப்பிடுங்கோ."
இப்படியும் ஒரு மருந்து.

வெள்ளவத்தைச் சந்தையில்
லீக்ஸ், உள்ளி, ஒரு கிலோ வெண்காயம்,
கோகிலத்தண்டு, கௌபி, பச்சை வாழைக்காய்.
சுமனபால நிறுத்தபடியே கேட்டான்:
"வீட்டில் விருந்தாளிகளா, மஹத்தயா?"
ஓம், என்றேன். நிறையப் பேர்.

ஆசையில் ஒரே நாளில் எல்லாம் போட்டது பிழை.
கோட்டையில், கப்பல் கம்பனியின் கூட்டத்தில்,
இந்த வருசம் போனஸ் இல்லை என்று
மனேஜர் சொல்லி நிறுத்திய அமைதியில்
என் வயிறு மட்டும் எழுந்து ஆட்சேபித்தது.
சிரிப்பை அடக்கிய டில்ருக்ஷி
யன்னலைத் திறந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமாய். தண்ணியும் குடியுங்கோ."
போனில் அவரும் சிரித்தார்.

பிறகு அவர்கள் வாடகை தரத் தொடங்கினார்கள்.
காசாய் இல்லை.
நாரைப் புளிக்க வைத்து
அதில் ஊறும் ஒருவகை அமிலத்தால்
உள்சுவரைப் பூசித் தருகிறார்களாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
காலையில் கழிவறையில் பேப்பர் வாசிக்க
இப்போது நேரம் கிடைப்பதில்லை.

என் அறைச் சுவரில்
இந்திய வரைபடம் போல ஓர் ஈரம்.
வீட்டுக்கார விக்கிரமநாயக்காவுக்கு
நாலு தரம் சொல்லியாயிற்று.
தையிலிருந்து வாடகை கூடும் என்று
கதவடியில் துண்டு வந்திருக்கிறது.

இரவு பதினொன்று. பாணந்துறைப் பக்கம்
கடைசி ரயில் போகிறது.
நாளைக்கு வேண்டிய சோறு குளிர்சாதனப்பெட்டியில்
ஆறி இறுகிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்காக.
வயிற்றுக்குள் மெல்லிய சத்தம்.
யாரோ அலுமாரி நகர்த்துகிறார்கள்.

நகர்த்தட்டும்.
ஆணி அடித்தாலும் பரவாயில்லை.