முன்கையின் நடுவில்

தக்கலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
பதினோரு வருஷமாக
வழுக்கி விழுந்தவர்களைப் படம்பிடிக்கிறேன்.

ஸ்டேஷன் கழிவறையில் வழுக்குகிறார்கள்.
ஓடும்போது பாலத்திலிருந்து விழுகிறார்கள்.
ஏட்டு கூடவே வந்து
பெஞ்சில் தொப்பியைக் கழற்றி வைத்து
"பைய எடு மோளே, அவசரமில்ல" என்பார்.
கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது.
என் மகன் பத்தாம் வகுப்பு எழுதியபோது
பேனா வாங்கித் தந்தவர்.

எலும்புக்கு ஒரு வழக்கம் உண்டு.
விழுகிறவன் கையை ஊன்றுவான்,
மணிக்கட்டு ஒடியும்.
ஆடிச் சாரலில் ரப்பர் தோட்டத்துப் பாசியில் சறுக்கிய
பால்வெட்டுக்காரர்களுக்கெல்லாம் மணிக்கட்டுதான்.
தலைக்கு வருவதைத் தடுக்கிறவனுக்கோ
முன்கையின் நடுவில்
சுண்டுவிரல் பக்கத்து எலும்பில்
குறுக்காக ஒரு கோடு.

குறும்பனை ததேயுஸுக்கு இருந்தது.
பேச்சிப்பாறைக்கு மேலிருந்து தேன் விற்க இறங்கிய
மாதேவன் காணிக்கு இருந்தது.
செங்கல் சூளை சுக்ராம் ஓராவுக்கு இரண்டு கையிலும்.
இந்த ஊரில் அவன் கற்றிருந்தது ஒரே சொல்.
மெஷின் உறுமியதும் அதைச் சொன்னான்:
மதி, அண்ணா, மதி.

போலீஸ் ஜீப்பிலேயே காரை இடித்த
டாக்டர் வீட்டுப் பையனும் ஒருநாள் வந்தான்.
போதை தெளியாமல் ஏட்டின் சட்டையைப் பிடித்துக் கிழித்தவன்.
அவனுக்குச் சாயா வாங்கி
ஆற்றிக் கொடுத்தார் ஏட்டு,
பொத்தான் போன சட்டையோடு.
கழுத்து, நெஞ்சு, இரண்டு கை, எல்லாம் எடுக்கச் சொன்னார்கள்.
ஒரு கோடில்லை.

போன வாரம் பழைய பதிவேடுகளைப் பிரித்து
கோடு விழுந்தவன் எந்த ஊர் என்று மட்டும்
மகனுடைய மாவட்ட வரைபடத்தில்
பென்சிலால் புள்ளி வைத்தேன்.
கடலோரம் கறுத்தது.
மலையடி கறுத்தது.
ரயிலேறி வந்தவர்களின் தகரக் கொட்டகைகள் கறுத்தன.
வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் குடியிருக்கும் தெருக்கள்
கழுவிவிட்டதுபோல் வெளுத்துக் கிடந்தன.
அங்கே யாருமே வழுக்குவதில்லை.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
எல்லா வரியும் ஒரே கையெழுத்து.
உருண்டையான, அழகான எழுத்து.
என்னுடையது.

இன்று ராத்திரி இன்னொருவன்.
பத்தொன்பது வயசிருக்கும்.
வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு நிற்கிறான்.
ஏட்டும் உள்ளே வரப் பார்த்தார்.
"கதிர் படும் சார், வெளியே நில்லுங்க."
சட்டமே அப்படித்தான்.
ஈயக் கதவை இழுத்துச் சாத்தினேன்.
மெஷினை இன்னும் போடவில்லை.
"எப்படி ஆச்சு?" என்று
முதன்முறையாக
கையின் சொந்தக்காரனைக் கேட்டேன்.