சி-ஏழு

ராத்திரி இரண்டே கால். ஃபோனில் தனசேகரன்:
"உங்க பில்டிங்குக்கு ஒரு கால் போயிடுச்சும்மா."
என் பில்டிங்காம்.
ஒவ்வொரு போல்ட்டுக்கும் சண்டை போட்டபோது
அது அவருடையதாக இருந்தது.

கருப்பூரில் மேக்னசைட் ஏற்றிய லாரி
பிரேக் பிடிக்காமல் பார்க்கிங்குக்குள் புகுந்து
சி-ஏழை அடியோடு தட்டிவிட்டிருக்கிறது.
டிரைவருக்குத் தோள்பட்டையோடு போயிற்று.
இரும்புத் தூண் வெள்ளைத் தூளில் மல்லாந்து கிடந்தது
நான் எழுதவைத்த எண்ணை நெற்றியில் காட்டிக்கொண்டு.

மேலே கொலுசுக்கடை, அதன்மேல் ஜவ்வரிசி மண்டி,
அதன்மேல் நீட் கோச்சிங், அதற்கும் மேல் நிரம்பிய டேங்க்.
ஒன்றும் இறங்கவில்லை.
பொய். இறங்கியது.
ஒரு முழம் இறங்கி
நின்றுகொண்டது.

தாங்க ஆள் இல்லையென்றால்
உத்தரம் முதலில் வளைந்து பார்க்கும்.
முடியாதபோது வளைவதையே விட்டுவிட்டு
ஈரப் போர்வை போட்ட துணிக்கொடி மாதிரி
இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துத் தொங்கும்.
கொடி அறுந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம்.
வகுப்பில் இதைக் கேட்டபோது தூங்கிவழிந்தேன்.

டார்ச் அடித்தேன்.
எந்தப் போல்ட்டுகளுக்காக நாலு மாதம் கெட்டபெயர் வாங்கினேனோ
அவற்றில் கீழ்வரிசை தெறித்துப் போயிருந்தது.
பக்கத்தில் சி-ஆறின் தலைமாட்டில்
கான்கிரீட் தோலுரிந்து கம்பி தெரிந்தது,
இழுபட்டு, விறைத்து, விடாமல்.
டேப் வைத்தேன்.
முன்னூறு மில்லிமீட்டர் மேல்படிந்தால் போதும் என்று
வரைந்து கொடுத்த இடத்தில்
எழுநூற்று எண்பது.

மாதையன் இப்போது ஓசூரில் வேறு சைட்டில்.
தூக்கக் குரலில் சொன்னார்:
"அன்னிக்கு ஆயுத பூஜைங்க மேடம்.
கட்டர் பிளேடு தேஞ்சுபோச்சு, கடையெல்லாம் அடைப்பு.
வெட்டாம அப்படியே ஏத்திக் கட்டிட்டோம்.
திட்டுவீங்கன்னு சொல்லலைங்க."

திட்டியிருப்பேன்.

சேர்வராயன் மலைப்பாதை விளக்குகள் அணைந்தபோது
ஜாக்கிகள் வந்து சேர்ந்தன.
"இன்னொரு கால் போனாலும் நிக்குமாம்மா?"
ஒன்றுக்குத்தான் கணக்குப் போட்டேன் என்றேன்.
அந்த ஒன்றிலும் பாதி
என் கணக்கில் இல்லை என்பதைச் சொல்லவில்லை.
ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.
எந்தத் தலைப்பில் என்றுதான் தெரியவில்லை.

ஷட்டரைத் தூக்கிக் கொலுசுக்கடையைக் காட்டினார்.
கண்ணாடிப் பெட்டிகளில் விரிசல்கூட இல்லை.
உள்ளே வெள்ளி மட்டும்
சோடி கலைந்து, ஒரே பக்கமாக,
சி-ஏழு நின்ற திசைக்கு
நகர்ந்து குவிந்திருந்தது.