இருபது நிமிடத் தாமதம்

புன்டா அரேனாஸில் காற்று வெறிபிடித்து வீசும் நாட்களில்
சதுக்கத்தின் ஓரம் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
கயிற்றை விடாமல் பிடித்திருந்தேன்,
கிளம்பிய காரணத்தை விட்டுவிட்டேன்.
வங்கி வாசல்வரை போய்த் திரும்பினேன்.

நெவென்காவின் அறை இரண்டாம் மாடி.
கீழே பல் மருத்துவர்.
படியேறும்போதே காரணங்களை அடுக்கினேன்:
காற்று, சாவி, எதிர்வீட்டு நாய்.
மூன்றும் உண்மை.
ஐம்பத்திரண்டு வருடமாக
நான் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை,
ஒருவரும் நம்பாத அளவுக்கு.

"இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது" என்றார்.
அவ்வளவுதான்.
திட்டு வாங்க விறைத்திருந்த தோள்கள்
இனி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.

படகுத்துறையில் பத்தொன்பது வருடம் சீட்டுக் கொடுத்தேன்.
போர்வெனிர் போகும் முட்டை வியாபாரியிலிருந்து
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூலிகள்வரை
முகம் தெரியும், பெயர் தெரியும்,
யாருக்கு எந்தக் காலில் வலி என்று தெரியும்.
தேதிதான் தெரியாது.
ஒரு ஜூலையில் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு
மறுநாள் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.
பனியில் நின்றார்கள்.
அவர்களில் ஒரு சிறுமி
என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.
அழுதிருந்தால் மறந்திருப்பேன்.

வேலை போனது அதற்காக அல்ல;
மார்ச்சில், வேறொரு சில்லறைத் தவறுக்காக.
மிரேயா போனது மே மாதம், தெமுக்கோவுக்கு.
சண்டையில்லை.
உன்னோடு பேசுவது
திறந்த சன்னலருகே தாள்களை அடுக்குவதுபோல, என்றாள்.
பிறகு வீட்டில்
நானும் பிரித்துப்போட்ட பதினோரு ரேடியோக்களும்.
ஜூன் முழுக்கப் படுக்கை.
மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊரில்
ஏன் எழவில்லை என்று
யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பெயர் சொன்னார்: ஏடிஎச்டி.
பதற்றமும் மனச்சோர்வும்
அதன் வீட்டுக்குக் குடிவந்தவர்கள்போல, என்றார்.
சற்று யோசித்து,
"இல்லை, இந்த உவமை சரியில்லை" என்று
தானே திரும்ப எடுத்துக்கொண்டார்.
அந்தக் கணம்தான் நம்பத் தொடங்கினேன்.

பெயர் கிடைத்தால் நிம்மதி வரும் என்றார்கள்.
எனக்குக் கோபம் வந்தது.
ஐந்தாம் வகுப்பில்
சுவரைப் பார்த்து உட்கார வைத்த ஆசிரியர்மேல் அல்ல,
அவர் செத்துவிட்டார்,
அந்தச் சுவர்மேல்.
அதில் ஒரு விரிசல்.
மேலே இடப்பக்கம் தொடங்கி
கரும்பலகைக்குக் கீழே மூன்றாகப் பிரியும்.
இப்போதும் வரைந்து காட்டுவேன் என்றேன்.
தாள் தந்தார்.
வரைந்தேன்.
பிசிறு ஒன்றுகூட விடவில்லை.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இரண்டு வருடம் ஒரே இடத்தைப் பார்த்தவனிடமா
கவனமில்லை என்றார்கள்?"

அழலாமா என்று யோசிக்கும்போது
கீழே பல் துளைக்கும் இயந்திரம் வீறிட்டது.
இருவரும் ஒரே நேரத்தில்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டோம்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை:
ஒரு ரேடியோவை மூட வேண்டும்.
பாட வேண்டும் என்றில்லை,
மூடினால் போதும்.
போன வார வேலை என்னவென்று
அவர் கேட்கவில்லை.
எழுதிக் கொடுத்த சீட்டைத் தொலைத்திருந்தேன்,
நானும் சொல்லவில்லை.
அடுத்த செவ்வாய் சொல்வேன்.

கீழிறங்கி, தொப்பிக்காக மறுபடி மேலேறினேன்.
படிக்கட்டு நாற்காலியில் முட்டை வியாபாரி.
முழங்காலில் ஒரு விண்ணப்பம்,
விரலிடுக்கில் மூடி திறக்காத பேனா.
நான் யாரென்று அவருக்குத் தெரியும்.
அவர் யாரென்று எனக்கும்.
இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

இன்று என்ன தேதி, என்றார்.

பதினேழு என்றேன்,
கைபேசியை எடுத்து
இரண்டு முறை பார்த்துவிட்டு.