பதில் வராத படிவம்

ரிகா நகரில், டௌகவா ஆற்றைப் பார்த்தபடி
ஏழாவது மாடியில் என் மேசை.
ஜன்னலுக்கு வெளியே ஒருகாலத்தில்
பதினோரு பாரந்தூக்கிகள்.
காலையில் கோட்டைக் கழற்றும் முன்பே எண்ணிவிடுவேன்.
அதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.
சம்பளம், நாடு இந்த மாதம் எவ்வளவு கட்டியது என்று
காகிதத்தில் எண்ணுவதற்கு.

நாட்டுக்கு நாடி பார்க்கிறவர்கள் நிறைய.
ஒருத்தர் கடைவீதியில் கை வைக்கிறார், ஒருத்தர் துறைமுகத்தில்.
எனக்குக் கொடுத்த மணிக்கட்டு
சிமெண்டு.

ஒரே கேள்விதான் கேட்போம்:
இம்மாதம் செய்த வேலையின் மதிப்பு என்ன?
முடித்தீர்களா என்று கேட்பதில்லை.
யாராவது குடிவந்தார்களா என்றும் கேட்பதில்லை.
தோண்டிய பள்ளம் கணக்கு.
ஏறிப்போனால் வானத்தில் கொண்டுபோய் விடும்
பாதிப் படிக்கட்டும் கணக்கு.
ஒரு வசந்தத்தில் பனி உருகி ஆறு ஊருக்குள் புகுந்தது.
விழுந்த சுவர்களை எழுப்பியதில்
எங்கள் கோடு மேலே ஏறியது.
மேலிடத்திலிருந்து கேக் வந்தது. சாப்பிட்டோம்.

ஜனவரியில் கலவை உறையும்.
ஆட்கள் உள்ளங்கையில் ஊதிக்கொண்டு நிற்பார்கள்.
அதற்கும் ஒரு சூத்திரம் உண்டு, பருவத்தை நீக்குவது.
நீக்கிய பிறகு எங்கள் அட்டவணையில்
குளிர்காலமே கிடையாது.

யெல்கவா ஊரின் இமண்ட்ஸ் பிரியெதீடிஸ்,
ஏழு ஆட்கள், ஒரு கலவை இயந்திரம்,
தசமப் புள்ளியை எப்போதும் தப்பான இடத்தில் வைப்பார்.
படிவத்தில் சுண்ணாம்புக் கைரேகை இருக்கும்.
எழுதக் கூடாத ஓரத்தில் எழுதுவார்:
'மழை. நாலு நாள் சும்மா.'
'ஜன்னல் வரவில்லை.'
'வாங்கியவர் பணம் கட்டவில்லை. நான் கட்டிவிட்டேன்.'
ஓரத்துக்கு எங்களிடம் குறியீடு இல்லை.

2009 செப்டம்பரில் படிவம் வரவில்லை.

விதி இருக்கிறது: பதில் தராதவர்,
தம்மைப் போன்றவர்கள் சராசரியாகச் செய்ததையே
செய்தார் என்று கொள்க.
கொண்டேன்.
செப்டம்பரில் இமண்ட்ஸ் செங்கல் அடுக்கினார்.
அக்டோபரில் இரண்டு சதவீதம் குறைவாக அடுக்கினார்.
நவம்பரில், நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் கூடுதலாக.

பதில் எழுதுகிறவர்கள் பிழைத்திருப்பவர்கள்.
பிழைத்திருப்பவர்களின் சராசரியை எடுத்து
மூடிப்போனவர்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்,
என் கையெழுத்தில்.

டிசம்பரில் தொலைபேசியை எடுத்தது அவர் மனைவி ஸ்கைத்ரீதெ.
'அவர் ஸ்டவாங்கரில் யாருக்கோ பூச்சு வேலை.
ஒரே வேனில் நாலு பேர் போனார்கள்.
படிவத்துக்கு அபராதம் உண்டா?'
இல்லை என்றேன். பொய்.
நார்வேயில் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள்,
அவள் கோடு இந்த மாதம்
நாலு கொத்தனார் அளவுக்கு உயரும்.
ஏனென்று அவளுக்குத் தெரியாது.

மூன்று மாதத்தையும் திருத்தினேன்.
எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'தி'.
மாலை வானொலி சொன்னது: எதிர்பார்த்ததைவிட மோசம்.
பெரும்புள்ளிகள் இரண்டுபேர் அதைப் பற்றி
அரைமணி நேரம் பேசினார்கள்.
புள்ளி யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ரயிலேறி யெல்கவா போனேன். யாரும் அனுப்பவில்லை.
நாலு மாடி. கண் திறக்காத ஜன்னல்கள்.
சாரம் பிரிக்கப்படாமல் நின்றது.
என் அறிக்கைகளுக்கும் தலைப்புக்குக் கீழே
சாரம் என்றுதான் எழுதுவேன்.
வரவேற்பறை ஆகவிருந்த இடத்தில்
யாரோ உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி,
உறையாதிருக்கப் பழைய கம்பளி போர்த்தியிருந்தார்கள்.
அந்த வீட்டுக்கு முதலில் குடிவந்தது அவைதான்.
கேட்கும் படிவம் எதிலும் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

இப்போது என் ஜன்னலில் ஒரே ஒரு பாரந்தூக்கி.
கழற்றி இறக்கவும் பணம் வேண்டுமாம்.
புயலில் சாயாமலிருக்கப் பூட்டைத் தளர்த்தி,
காற்றோடு திரும்பும்படி விட்டுவிட்டார்கள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
வேலை நடக்கிற மாதிரியே இருக்கிறது.

இன்றும் கோட்டோடு நின்று எண்ணினேன்.
ஒன்று.
மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.